மே சொட்டைத் தேடியபோது: தாய்லாந்து எழுத்துகள் கணினிக்குள் குடியேறிய கதை

மியன்மாரின் இணைய மோசடி முகாம்களுக்குள் கொண்டுசெல்லப்பட்ட இலங்கை இளைஞர்களைப் பற்றி எழுதுவதற்காகத் தாய்லாந்து மொழிச் செய்திகளையும் ஆவணங்களையும் சில மாதங்களாகச் சேர்த்து வந்தேன். அந்த மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்பு மென்பொருளும், பாங்கொக்கில் உள்ள நண்பர் ஒருவரின் பொறுமையும்தான் துணை. அந்த இளைஞர்களில் பலர் எல்லை கடந்தது மே சொட் என்ற தாய்லாந்து நகரத்தின் வழியாக. ஆகவே நான் செய்த முதல் வேலை, கோப்புகள் எல்லாவற்றிலும் அந்த ஊர்ப் பெயரைத் தேடியதுதான்.

சில கோப்புகள் வந்தன. சில வரவில்லை. வராத கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே அதே பெயர், அதே வடிவத்தில் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கணினியோ இரண்டும் வேறு வேறு என்று சாதித்தது.

நண்பரிடம் கேட்டேன். "அது எங்கள் ஊரின் பழைய வியாதி. ஒன்றில் ஒரு எழுத்து, மற்றதில் இரண்டு எழுத்து" என்றார். இந்தக் கட்டுரை அந்த வியாதியின் வரலாறு. (தாய் மொழி, தாய் எழுத்து என்று எழுதினால் தமிழில் பொருள் வேறாகிவிடுகிறது என்பதால் தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.)

தாய்லாந்து எழுத்து நமக்குத் தூரத்து உறவு. பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து தென்கிழக்காசியாவுக்குச் சென்று கெமர் எழுத்தானது. அதிலிருந்து பிறந்தது தாய்லாந்து எழுத்து. மெய்களின் வரிசை க, க்ஹ என்று நாம் அறிந்த இந்திய ஒழுங்கில்தான் போகிறது. உயிர்க்குறிகளுக்கு அவர்கள் சொல்லும் பொதுப்பெயர் 'ஸரா'. ஸ்வரம் என்பதன் திரிபு. மெய் எழுத்துகள் 44. மெய்யைச் சுற்றி மேலும் கீழும் முன்னும் பின்னும் உயிர்க்குறிகள் வரும். அவற்றுக்கும் மேலே, ஒரே அசை எந்தத் தொனியில் ஒலிக்க வேண்டும் என்று காட்டும் நான்கு தொனிக்குறிகள். ஆக, ஒரு வரிக்குள் நான்கு மாடிகள்: நடுவில் மெய், அடியில் கீழ் உயிர், தலையில் மேல் உயிர், அதற்கும் மேலே தொனி. சொற்களுக்கு இடையில் இடைவெளி விடும் வழக்கம் இல்லை.

இதில் நமக்கு முக்கியமானது முன்னால் வரும் உயிர்க்குறிகள். அவை ஐந்து. நமது கொம்பைப் போலவே, ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னால் வரும். எழுதும்போது மெய்க்கு இடப்பக்கம் நிற்கும். 'கெ' என்று எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க. ஆனால் நாம் சொல்வது முதலில் க், பிறகு எ. கை எழுதும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் வேறு. கணினி எந்த வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டும்? தமிழும் தாய்லாந்து மொழியும் இந்த ஒரு கேள்விக்கு எதிரெதிரான விடைகளைத் தெரிந்தெடுத்தன.

கணினிக்கு முன்பே இந்தக் கேள்விக்குத் தட்டச்சு இயந்திரம் ஒரு விடை சொல்லியிருந்தது. சியாமில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஒருவரின் மகனான எட்வின் ஹன்டர் மக்ஃபார்லண்ட், 1890களின் தொடக்கத்தில் ஸ்மித் பிரிமியர் நிறுவனத்துடன் சேர்ந்து முதலாவது தாய்லாந்துத் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கினார். இயந்திரத்துக்கு ஒலி தெரியாது, காகிதத்தில் இடமிருந்து வலமாக அடிக்க மட்டுமே தெரியும். எனவே முன்னால் நிற்கும் உயிர்க்குறியை முதலில் அடி, மெய்யைப் பிறகு அடி என்பது பழக்கமானது. அந்த இயந்திரத்தில் எல்லா எழுத்துகளுக்கும் விசை போதவில்லை. இரண்டு மெய்கள் வெளியே நின்றன. அவற்றின் பெயர்கள் கோ குவாத், கோ கோன். முதலாவது 'போத்தல்' என்ற சொல்லை வைத்தும், இரண்டாவது 'மனிதர்' என்ற சொல்லை வைத்தும் பெயரிடப்பட்டவை. ஏற்கெனவே அருகி வந்த எழுத்துகள்தான். இயந்திரத்தில் இடம் கிடைக்காதது வழக்கொழிவை விரைவுபடுத்தியது. இன்று போத்தல், மனிதர் என்ற அந்தச் சொற்களே வேறு எழுத்துகளால் எழுதப்படுகின்றன.

கணினிகள் வந்தபோது முதலில் நடந்தது நமக்கும் பழக்கமான குழப்பம். கசெற்சார்ட் பல்கலைக்கழகத்தின் பெயரால் அறியப்பட்ட 'கசெற்' குறியீடு ஒன்று, தர நிர்ணய நிறுவனத்தின் 'சமோ' குறியீடு மற்றொன்று, கணினி விற்ற நிறுவனங்கள் கொண்டுவந்தவை வேறு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் வாசிக்க முடியாது. தாய்லாந்துக் கைத்தொழில் தர நிர்ணய நிறுவனம் டிஐஎஸ் 620-2529 என்ற தேசியத் தரத்தை வெளியிட்ட பிறகே இதற்கு ஒரு கரை தெரிந்தது. கடைசியில் இருக்கும் எண் பௌத்த ஆண்டு. நம் கணக்கில் 1986. திருத்திய பதிப்பு 620-2533, அதாவது 1990. (பௌத்த ஆண்டை நம் நாட்டில் கணக்கிடுவதற்கும் அவர்கள் கணக்கிடுவதற்கும் ஓராண்டு வித்தியாசம் உண்டு. இங்கே 2500ஆம் ஆண்டு புத்த ஜயந்தி 1956இல் கொண்டாடப்பட்டது, அங்கே 1957இல்.)

டிஐஎஸ்-620இன் அமைப்பு மிக எளிமையானது. ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரை 256 எண்கள் அடங்கும். 127 வரையுள்ள பாதி ஆங்கிலத்துக்கு. மீதிப் பாதியில் 161 தொடக்கம் தாய்லாந்து எழுத்துகள் வரிசையாக அமர்த்தப்பட்டன. 161 கோ கை, 'கோழி'யின் பெயரால் அமைந்த முதல் எழுத்து. வெளியே நின்ற போத்தலுக்கும் மனிதருக்கும் இங்கே இடம் கிடைத்தது: 163, 165. எவரும் எழுதாவிட்டாலும் நெடுங்கணக்கில் இருக்கிறார்களே! மெய்கள், உயிர்க்குறிகள், தொனிக்குறிகள், பத்து இலக்கங்கள், பாட் நாணயக் குறி, சொல்லை இரட்டிக்கும் குறி, நீண்ட பெயரைச் சுருக்கும் குறி என்று மொத்தம் 87. இந்தச் சுருக்கக்குறியை அறிய வேண்டுமானால் பாங்கொக்கின் பெயரைப் பார்க்க வேண்டும். அந்நகரின் முழுப்பெயர் ஒரு பந்தி நீளம். ஆகவே குருங் தேப் என்று எழுதி இந்தக் குறியை வைத்து முடித்துவிடுகிறார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை டிஐஎஸ் தட்டச்சு இயந்திரத்தின் வழியிலேயே போனது. கண்ணுக்குத் தெரிவது எந்த வரிசையோ, அதே வரிசை கோப்பிலும்.

பின்னர் யுனிகோட் வந்தது. 1991இல் வெளியான அதன் முதலாவது பதிப்பிலேயே தாய்லாந்து மொழி இடம்பெற்றது. டிஐஎஸ் வரிசையை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் 3584 முதல் 3711 வரையான வீட்டில் வைத்தார்கள். பழைய எண்ணுடன் 3424ஐக் கூட்டினால் யுனிகோட் எண்: கோ கை 161, கூட்டினால் 3585. வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை. அந்தத் தெருவில் தாய்லாந்து மொழிக்கு இடப்பக்க அயல்வீடு யார் தெரியுமா? சிங்களம். 3456 முதல் 3583 வரை சிங்களம், அடுத்த எண்ணில் தாய்லாந்து மொழி, அதற்கடுத்து லாவோ. ஆனால் அயல்வீட்டுக்காரர் குடிவந்தது எட்டு ஆண்டுகள் கழித்து, 1999இல்.

தமிழும் அதே 1991இல்தான் உள்ளே போனது. ஆனால் நம்முடையது இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அதன் விதி, வாய் சொல்லும் வரிசை. 'கெ' என்று நீங்கள் திரையில் பார்க்கும்போது கோப்பில் இருப்பது முதலில் க, பிறகு கொம்பு. கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. தாய்லாந்து மொழிக்கு அந்த வேலை இல்லை. முன்னால் தெரிவது முன்னாலேயே இருக்கிறது.

பாமினியில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு இது புரியாத விடயமல்ல. ஆங்கில 'என்' விசையைத் தட்டினால் கொம்பு, பிறகு 'எஃப்' தட்டினால் க. கோப்பிலும் அதே வரிசை. யுனிகோடுக்கு மாறியபோது பத்திரிகைக் கணினிகளில் கிடந்த பாமினிக் கோப்புகளை மாற்றும் கருவிகள் கொம்பையும் அரவையும் இடம்மாற்றப் பட்ட பாடு நமக்குத் தெரியும். தாய்லாந்துக்காரர்கள் தவிர்க்க விரும்பியது இதைத்தான். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு தேசியத் தரம் இருந்தது. அதில் அரசாங்கத்தின், வங்கிகளின் கோப்புகள் குவிந்திருந்தன. ஒரு கூட்டலில் முடியும் மாற்றத்தை விட்டுவிட்டு வேறெதற்குப் போவார்கள்?

இந்திய முறையைத் தாய்லாந்து மொழிக்கும் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. முதற்பதிப்பில் முன்னால் நிற்கும் ஐந்து உயிர்க்குறிகளுக்கும், ஒலி வரிசையில் எழுதுவதற்கென்று இன்னொரு தொகுதி எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன: 3696 முதல் 3700 வரை. விரும்பியவர் விரும்பியதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை. ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுத வழி திறந்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்று யாரோ உடனே உணர்ந்திருக்க வேண்டும்; அடுத்த திருத்தத்திலேயே அவை நீக்கப்பட்டன. அந்த ஐந்து இடங்களும் இன்றும் காலி.

கண் வரிசையைத் தெரிந்தெடுத்ததற்கு விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அகரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து அகராதியில் சொற்கள் மெய்யைக் கொண்டே அடுக்கப்படுகின்றன. மே சொட், 'மோ மா' என்ற ம எழுத்தின் கீழ் வர வேண்டும்; சியங் மாய் ச வரிசையில் வர வேண்டும். ஆனால் இரண்டு பெயர்களுமே எழுத்தில் முன்னிற்கும் உயிர்க்குறியோடு தொடங்குகின்றன. அந்தக் குறிகளின் எண்கள் மெய்கள் எல்லாவற்றுக்கும் பிறகு வருபவை. எண்ணைப் பார்த்து மட்டும் அடுக்கும் மென்பொருள், சியங் மாய், சியங் ராய், மே சொட், மே ஹொங் சொன் எல்லாவற்றையும் ஹாட் யாய்க்கும் பின்னால் பட்டியலின் கடைசியில் கொண்டுபோய்க் குவித்துவிடும். சரியாக அடுக்குவதற்கு, ஒப்பிடும் நேரத்தில் மட்டும் குறியையும் மெய்யையும் இடம்மாற்றிப் பார்க்க வேண்டும். ஆக, நாம் திரையில் காட்டும்போது செய்யும் வேலையை அவர்கள் அடுக்கும்போது செய்கிறார்கள். வேலை ஒழியவில்லை, இடம்தான் மாறியது.

இனி என் மே சொட்டுக்கு வருகிறேன். தாய்லாந்து மொழியில் ஏ ஒலிக்கு ஒரு முன்குறி உண்டு, வளைந்த ஒற்றைக்கோடு. அதன் எண் 3648. வாயை அகலத் திறந்து சொல்லும் இன்னொரு ஏ உண்டு. அதை 'அகல ஏ' என்று வைத்துக்கொள்வோம். அதன் வடிவம், முன்னதன் கோட்டையே இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் போட்டது போல. எண் 3649. மே சொட்டின் முதற்குறி இந்த அகல ஏ. சரியாக எழுதினால் அந்தப் பெயர் ஆறு குறிகள்: 3649, 3617, 3656, 3626, 3629, 3604. அகல ஏயின் விசையைத் தட்டாமல் சாதாரண ஏயை இரண்டு தடவை தட்டினால் 3648, 3648, 3617 என்று ஏழு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றே. வழக்கமான விசைப்பலகையில் இரண்டு குறிகளும் தனித்தனி விசைகளில்தான் இருக்கின்றன. ஆனாலும் கண் இரண்டு கோடுகளைப் பார்க்கும்போது கை இரண்டு தடவை தட்டுகிறது. யுனிகோடின் சமநிலை விதிகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

தாய்லாந்துக்காரர்களைக் கண்டு நாம் சிரிக்க இடமில்லை. கௌரி என்ற பெயரில் இருக்கும் ஔகாரக் குறியைத் தட்டாமல், கொம்பு, க, பிறகு ள என்று 'கெளரி' ஆக்கி எழுதிய எத்தனையோ பக்கங்கள் இணையத்தில் உண்டு. வாக்காளர் பட்டியலிலோ காணாமற்போனோர் பட்டியலிலோ ஒரு பெயர் இப்படிப் பதிவாகியிருந்தால், தேடுபவருக்கு 'பெறுபேறு இல்லை' என்றுதான் வரும். பெயரைப் பதிந்தவருக்கும் தேடுபவருக்கும் இடையில் பிழை யாருடைய கண்ணுக்கும் தெரியாது.

இது இணைய முகவரிகளில் இன்னும் விபரீதமாகலாம். தாய்லாந்து எழுத்தில் நாட்டு முகவரி ஈறு 2010இல் அங்கீகரிக்கப்பட்டது. நம்முடைய '.இலங்கை'யும் அதே ஆண்டுதான். ஒரு வங்கியின் பெயரில் அகல ஏ இருந்தால், அதற்குப் பதில் இரண்டு ஏ போட்டு ஒரு போலி முகவரியைப் பதிவுசெய்ய முடிந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டச்சுப் பிழைகளை வாசலிலேயே மறிக்க ஒரு ஏற்பாடும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து ஆய்வாளர்களும் நிறுவனங்களும் சேர்ந்து 'விங் துக் தீ' என்ற விதித்தொகுப்பை எழுதினார்கள். 'எங்கும் ஓடும்' என்பது பெயரின் பொருள். எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வரலாம் என்பதற்கு அதில் ஓர் அட்டவணை உண்டு. மெய் இல்லாமல் தொனிக்குறியைத் தட்டினால் விசைப்பலகை ஏற்காது. தளர்வு, சாதாரணம், கண்டிப்பு என்று மூன்று நிலைகள். ஆனால் எல்லாக் கருவிகளும் இதைப் பின்பற்றுவதில்லை. வேறெங்கோ எழுதி ஒட்டினால் காவலும் இல்லை.

'அம்' என்று ஒலிக்கும் குறி தனி ரகம். தலையில் ஒரு சிறு வட்டமும் வலப்பக்கம் ஒரு காலுமாக இரண்டு துண்டு, ஆனால் ஒரே எண். தண்ணீருக்கு அவர்களது சொல் 'நாம்'. அதில் ந, தொனிக்குறி, பிறகு இந்த அம் என்பதே தட்டும் வரிசை. திரையில் வட்டம் தொனிக்குறிக்குக் கீழே போய் நிற்க வேண்டும், எழுத்துரு பார்த்துக்கொள்ளும். ஆனால் யுனிகோடின் ஒருவகைச் சீராக்கலை இயக்கினால் அது இந்த எண்ணை வட்டம், கால் என்று உடைத்துவிடும். அப்போது வட்டம் தொனிக்குறிக்குப் பின்னால் வந்து, அடுக்கு தலைகீழாகும். சீராக்கப் போய்ச் சீர்கெட்ட தண்ணீர்.

குறியீடு மாறிப்போன பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஐஎஸ்-620ஐ மைக்ரோசொஃப்ட் தன் வசதிக்குச் சில குறிகள் சேர்த்து விண்டோஸ்-874 ஆக்கியது. 2001இல் சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8859-11 வந்தது. மூன்றும் அநேகமாக ஒன்றே. இன்றைய உலாவிகள் எந்தப் பெயரைச் சொன்னாலும் விண்டோஸ்-874 என்றே எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் யூடிஎஃப்-8 உடன் வருகிறது. அதில் தாய்லாந்து எழுத்து ஒவ்வொன்றும், தமிழைப் போலவே, மூன்று பைட்டுகள். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 184 அல்லது 185. இதைப் பழைய முறையில் வாசித்தால் 224 என்பது ஏ குறி, 184 ஒரு த, 185 ஒரு ந. எனவே கெட்டுப்போன பக்கத்தில் தே, தே, நே, தே என்று ஒரே தாளம் கேட்கும். மொழி தெரியாத நானே இப்போது அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிறேன்.

சொற்களுக்கிடையில் இடைவெளி இல்லாதது குறியீட்டுச் சிக்கல் அல்ல. ஆனால் அதன் சுமையும் கணினியின் தலையிலேயே விழுகிறது. வரியை எங்கே முறிப்பது என்று அறிய அகராதி வேண்டும். அப்போதும் தடுமாறும் இடங்கள் உண்டு. அவர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஐந்து குறிகள் கொண்ட ஒரு தொடர். 'தா க்லோம்' என்று பிரித்தால் வட்டக் கண்கள்; 'தாக் லோம்' என்று பிரித்தால் காற்று வாங்குதல்.

கடைசியாக, என் கோப்புகள். இரண்டு 3648 அருகருகே வரும் இடங்களையெல்லாம் ஒரு 3649 ஆக மாற்றிவிட்டு மீண்டும் தேடினேன். விடுபட்டவை வந்தன, சில பிடிஎஃப் கோப்புகளைத் தவிர. அவற்றில் அகல ஏ சரியாகவே இருந்தது. சிக்கல் ம எழுத்தின் தலையிலுள்ள தொனிக்குறியில்.

தொனிக்குறி நிற்க வேண்டிய இடம் மேல்மாடி. மேல் உயிர் இல்லாதபோது அது அந்தரத்தில் மிதப்பது அழகில்லை. கீழே இறக்க வேண்டும். நீண்ட வாலுள்ள மெய்யாக இருந்தால் இடப்பக்கமும் நகர்த்த வேண்டும். இன்றைய எழுத்துருக்கள் கோப்பைத் தொடாமல் இதைச் செய்கின்றன. முன்பு அப்படியல்ல. இறக்கிய தொனிக்குறி, நகர்த்திய தொனிக்குறி என்று தனித்தனி வடிவங்களை வரைந்து, யுனிகோட் யாருக்கும் கொடுக்காமல் விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில் எண் போட்டார்கள். விண்டோஸ் எழுத்துருக்களில் 63232இலிருந்து ஒரு வரிசை, அப்பிள் எழுத்துருக்களில் வேறொரு வரிசை. அச்சடித்தால் அழகு. அதிலிருந்து எழுத்தைப் பிரதியெடுத்தால் 3656க்குப் பதிலாக வேறெதுவுமல்லாத ஓர் எண் வருகிறது.

மே சொட்டில் ம மேல் உயிர் எதுவும் இல்லை. ஆகவே அந்தத் தொனிக்குறி இறக்கிய தொனிக்குறி. அதற்கும் ஒரு மாற்று வரி எழுதிச் சேர்த்த பிறகு, அந்தக் கோப்புகளும் தேடலில் வந்தன. அவற்றில் ஒன்றில், நான் தேடிக்கொண்டிருந்த குழு எல்லைக்குக் கொண்டுவரப்பட்ட திகதி இருந்தது.